லாரி நிற்கும் நேரத்துக்கு யார் பொறுப்பு?

லாரியில் ஜிபிஎஸ் கருவியும் டீசல் சென்சாரும் பொருத்தும் முதலாளி பெரும்பாலும் முதலில் தேடுவது டீசல் திருட்டைத்தான். டேங்கில் திடீரென எத்தனை லிட்டர் குறைந்தது, டிரைவர் சொன்ன வழியில் போனாரா, எந்த தாபாவில் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதெல்லாம் அலுவலகத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. அந்தத் தேடலில் தப்பில்லை. லாரி ஓட்டும் செலவில் டீசலுக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் திருட்டைப் பிடித்ததோடு, வண்டியின் தகவலைத் தொலைவுக்கு அனுப்பும் இந்த டெலிமேட்டிக்ஸின் வேலை முடிந்தது என்று நினைப்பவர், அது தரும் கணக்கில் மிகச் சிறிய பகுதியைத்தான் படிக்கிறார். மீதிக் கணக்கு டிரைவரைப் பற்றியதே அல்ல. லோடு கொடுப்பவர், இறக்கிக்கொள்பவர், டிரிப் போடும் முதலாளி ஆகிய மூவரையும் பற்றியது.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபின் புதிய லாரிகளின் இன்ஜினைக் கணினியே நடத்துகிறது. எவ்வளவு டீசல் எரிகிறது, எத்தனை சுற்றில் இன்ஜின் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. அசோக் லேலண்டின் ஐ-அலர்ட், டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் போன்ற சேவைகள் அந்தப் பதிவைச் செயற்கைக்கோள் காட்டும் இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்து முதலாளியின் கைப்பேசிக்கு அனுப்புகின்றன. வண்டி நின்றிருக்கையில் இன்ஜின் ஓடுவதை எடுத்துக்கொள்வோம். கனரக லாரி அப்படி ஒரு மணி நேரம் நின்றால் ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் தீரும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. வண்டிக்கு வண்டி இது மாறும். ஆனாலும் வீண் வீண்தான். அறிக்கையில் சிவப்பாகத் தெரியும் இந்த நேரத்துக்காக டிரைவரைத் திட்டுவது சுலபம். அதே அறிக்கை, வண்டி நின்ற இடம் ஓர் ஆலையின் வாசல் என்றும் காட்டும். வரிசை அங்குலம் அங்குலமாக நகரும்போது இன்ஜினை அணைத்து அணைத்துப் போடு என்று எந்த டிரைவரிடமும் சொல்ல முடியாது. வாசலை அடைந்த நேரமும் லோடு இறங்கி வெளியேறிய நேரமும் நிமிடக் கணக்கில் கையில் இருந்தால், காத்திருந்ததற்கான ஹால்டிங் பணம் கேட்கும் பேச்சு கெஞ்சலாக இருக்காது, ஆதாரத்தோடு வைக்கும் கோரிக்கையாகும்.

வேகத்துக்கும் இதே கதைதான். அளவுக்கு மீறிய வேகம், அடிக்கடி அடிக்கும் சடன் பிரேக் இரண்டும் அறிக்கை டிரைவருக்குப் போடும் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. ஆனால் அந்த வேகம், நாளைக் காலைக்குள் சரக்கு இறங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் பிறந்திருக்கலாம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர லாரிகளில் அதைப் பெரும்பாலும் யாரும் அளந்து பார்க்கவில்லை. இப்போது அளக்கும் கருவி வண்டியிலேயே இருக்கிறது. வேகத்தைக் குற்றமாகக் காட்டும் அதே பதிவு, தூங்க விடாமல் ஓட்டச் சொன்ன டிரிப்பையும் காட்டுகிறது. முதலில் சொன்னதை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை மூடி வைப்பது நேர்மையான கணக்கு ஆகாது.

இதற்கு முதலாளிகள் சொல்லும் மறுப்பு உண்டு: ‘வண்டி என்னுடையது, டீசலும் என்னுடையது, பார்க்க எனக்கு உரிமை இல்லையா?’ உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை வேண்டும் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. அங்கே லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்க முனைந்த முந்தைய விதியை 2011இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கருவியை வைத்து டிரைவர்களைத் துன்புறுத்தக்கூடும் என்பதை விதி கவனிக்கவில்லை என்பதே காரணம். 2017 டிசம்பரில் அமலுக்கு வந்த புதிய விதி, அப்படித் துன்புறுத்துவதற்குத் தடையையும் சேர்த்தே கொண்டுவந்தது. அங்கே கண்காணிப்பு நிற்கவில்லை. அதற்கு வரம்பு வந்தது.

சிறு முதலாளிகளின் மறுப்பு வேறு. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு மாதச் சந்தா சுமை, அறிக்கையைப் படிக்க ஆளும் இல்லை. நியாயம்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் அதிகம் ஏமாறுவதும் அவர்தான். நூறு லாரி வைத்திருப்பவரின் வாய்ச்சொல்லுக்கு ஆலை அசையும். இரண்டு லாரிக்காரருக்குப் பதிவுதான் துணை. அவர் நாற்பது வரைபடங்களைப் பார்க்க வேண்டியதில்லை. காத்திருந்த நேரம், காலியாகத் திரும்பிய தூரம், லிட்டருக்குக் கிடைத்த மைலேஜ் என்ற மூன்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

டோல்கேட்டில் ஃபாஸ்டேக், சரக்கோடு ஈ-வே பில் என்று லாரியின் ஒவ்வொரு நகர்வும் ஏற்கெனவே எங்கோ பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாதவர் வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமே. டிரைவரும் தன் கணக்கைப் பார்க்க வேண்டும், தவறாகப் பதிவானதை மறுக்க அவருக்கு வழி வேண்டும், மிச்சமான டீசலில் ஒரு பங்கு பேட்டாவோடு அவருக்கு வர வேண்டும். இவை கருணைக்காகச் சொல்லப்படுவன அல்ல. சென்சார் வயரைப் பிடுங்கிவிடும் டிரைவரிடமிருந்து எந்த மென்பொருளாலும் மைலேஜைக் கறக்க முடியாது. அந்தக் கணக்கு தனக்கும் உதவும் என்று நம்புகிற டிரைவர்தான் கருவிக்குக் கொடுத்த பணத்தை முதலாளிக்கு மீட்டுத் தருவார்.