குதிரை லாயத்தில் விரிசல் விட்ட தோட்டா

காலித் தோட்டாக்களைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் அமெரிக்கர்கள், இந்திய மழைக்காலம் கற்றுத் தந்த ஒரு பாடத்தை இன்றும் மறக்கவில்லை.

அமெரிக்காவில் கார் ஷெட்டின் மூலையில் கடகடவென்று ஓடும் அந்தச் சிறிய இயந்திரத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒரு பிளாஸ்டிக் சட்டி, அடியில் அதிர்வு தரும் மோட்டார். சட்டிக்குள் பொடித்த வால்நட் ஓடு அல்லது மக்காச்சோளச் சக்கை. அதில் புரள்பவை சுட்டு முடித்த காலித் தோட்டாக்கள். சில மணி நேரம் புரண்டால் கரி நீங்கிப் பித்தளை மின்னும். பிறகு புது கேப், வெடிமருந்து, குண்டு. தோட்டா மீண்டும் தயார். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்நாட்டு மத்திய அரசு இதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. விற்பதற்கு என்றால்தான் கேட்கும்.

பழக்கம் புதிதல்ல. 1870களில் சமவெளிகளில் பைசன் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளியவர்களே காலிக் கூடுகளைச் சேர்த்துவைத்து நிரப்பிக்கொண்டவர்கள்தான். சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடும். மிஞ்சுவது விலை கொடுத்து வாங்கிய பித்தளை. அதைத் தூக்கி எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. கேப் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடியில் ஒற்றைத் துளை உள்ளதால் எளிதாகக் கழற்றக்கூடிய வகையை உருவாக்கியவர் ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் பாக்ஸர்; அது அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரான ஹைரம் பெர்டான் உருவாக்கிய வகையோ ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

சுத்தம் செய்வது அழகுக்காக மட்டுமல்ல. கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பவுண்டு. வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் சீறாமல் தடுக்கிறது. அடுத்த கணம் சுருங்கி விலகுகிறது. அந்தக் கூடு கிழிந்தால் வாயு பாய்வது சுடுபவரின் முகத்தை நோக்கி. கரி போனால்தான் கழுத்தில் உள்ள மயிரிழை விரிசலும், அடிப்பாகத்தைச் சுற்றித் தெரியும் வெளிர் வளையமும் கண்ணில் படும். இரண்டில் எது தெரிந்தாலும் கூடு குப்பைக்குத்தான்.

லாயத்தில் நடந்தது

விரிசல் என்றதும் கதை இந்தியாவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் நடவடிக்கைகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பது வழக்கம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்கள், சுடப்படாமலேயே, குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருந்தன. 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. ஆனால் அது தனியாகச் செய்த வேலை அல்ல. 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளையைச் சூடாக்காமல் இழுத்து இழுத்துத்தான் தோட்டாக் கூடு செய்கிறார்கள். அந்த இழுப்பின் இறுக்கம் உலோகத்துக்குள் தங்கிவிடுகிறது. ஈரக்காற்றோடு சேர்ந்த அம்மோனியா, ஏற்கனவே விறைத்து நிற்கும் இடத்தில் உலோகத் துகள்களுக்கு இடையே புகுந்து பிளக்கிறது. இறுக்கம் இல்லாவிட்டால் அம்மோனியாவால் இப்படிப் பிளக்க முடியாது. அம்மோனியா இல்லாவிட்டால் இறுக்கம் உள்ள கூடும் பல காலம் தாங்கும்.

பரிகாரம் எளிது. மிதமாகச் சூடுபடுத்தினால் இறுக்கம் தளர்ந்துவிடும். இன்றும் பல ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் கலந்த நிறம், சூடு காட்டியதன் அடையாளம்.

அதனால்தான் அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷைத் தோட்டாக் கூட்டின் பக்கமே கொண்டுபோகாதே என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மாறாக அவர்கள் நாடுவது பாத்திரம் கழுவும் சோப்பும் சிட்டிக் அமிலமும். புளியும் எலுமிச்சையும் போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கும் வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல. அமிலம் மேலே படிந்த கறையைக் கரைக்கிறது. அளவு மீறி ஊறினால் துத்தநாகம் வெளியேறிக் கூடு இளஞ்சிவப்பாக மாறும். எனவே சில நிமிடங்கள் போதும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

தூசியில் ஈயம்

பித்தளைக்கு வரும் ஆபத்தைவிட மனிதனுக்கு வரும் ஆபத்து பெரிது. இன்றைய கேப்களில் பெரும்பாலானவற்றில் ஈயக் கூட்டுப்பொருள் உண்டு. சுட்ட கூட்டில் அது கரியோடு ஒட்டியிருக்கும். உலர்ந்த பொடியில் புரட்டும்போது அந்த ஈயம் தூசியாகக் கிளம்புகிறது. மூச்சில் போகிறது, கையோடு வாய்க்குப் போகிறது, உடையோடு வீட்டுக்குள் போகிறது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது நிரூபணமான உண்மை. இயந்திரத்தை வீட்டுக்கு வெளியே, மூடி போட்டு ஓட்டவேண்டும், பொடியைச் சலிக்கும்போது முகமூடி அணியவேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான். தண்ணீரில் கழுவும் முறைக்குப் பலர் மாறியதற்கும் இது ஒரு காரணம்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019இல் செய்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கி, ஆயுள் சிறை வரை கொண்டுபோனது. தோட்டாவின் பாகங்களையும் 'தோட்டா' என்றே சட்டம் கணக்கில் எடுக்கிறது.

ஆனால் லாயத்தில் கற்ற பாடம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் உருளைக்கிழங்கைக் காக்கும் குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றில் குளிரூட்டுவது அம்மோனியாதான். அந்த வாயு ஓடும் குழாய்களில் செம்பும் பித்தளையும் சேர்ப்பதில்லை, எல்லாம் எஃகு.