இருபத்தாறு கிலோ மூட்டையும் மென்பொருள் ரோபோவும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த அரிசிக் கடை ஒன்றுக்கு நாகர்கோவிலிலிருந்து லோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லை வாங்கும் கணக்குப்பிள்ளை முதலில் மூட்டையின் எடையைப் பார்ப்பார். பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் இல்லை. 2022 ஜூலை 18 முதல் நடப்புக்கு வந்த இந்த விதியால்தான் 26 கிலோ மூட்டைகளே சந்தைக்கு வந்தன. வரி உண்டென்றால் அடுத்து, அனுப்பியவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள். 33 தமிழ்நாடு, 32 கேரளம். மாநிலம் விட்டு மாநிலம் வந்த சரக்கு ஆகையால் ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் பதிய வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் பில்லைப் புரட்டியது மட்டுமே தெரியும்.

திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைச் சந்தையைச் சேர்ந்தது ஆரியசாலை. தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் இடம். அந்தச் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அங்குள்ள மனிதர்களைக் கதைகளாக்கினார் எழுத்தாளர் ஆ. மாதவன். இப்படிப்பட்ட தெருவின் கணக்கறிவை ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்க முடியுமா?

இத்தகைய மென்பொருளை ஆர்.பி.ஏ. (ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்) என்கிறார்கள். ரோபோ என்று பெயர் இருந்தாலும் அதில் இரும்புக் கை எதுவும் இல்லை. கணினித் திரையில் நாம் திறக்கும் பக்கங்களைத் திறந்து, நாம் அழுத்தும் பொத்தான்களை அழுத்தி, நாம் தட்டும் எண்களைத் தட்டும் நிரல் அது. அதற்குச் சொல்லிக்கொடுக்கும் வழிகளில் ஒன்று, வேலையை முதலில் படமாக வரைவது. தொடக்கத்துக்கு வட்டம், வேலைக்குக் கட்டம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம் என்று பி.பி.எம்.என். என்ற பொது மொழி இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வெளியானது. கண்ணுக்குப் படமாகத் தெரிவது உள்ளே எக்ஸ்.எம்.எல். எழுத்துக் கோப்பு. ஒரு கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு அம்பு போகிறது என்பது வரிவரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். யூஐபாத் போன்ற ஆர்.பி.ஏ. கருவிகள் தங்கள் வேலைவரிசைகளைச் சேமிப்பதும் எக்ஸ்.எம்.எல். வகைக் கோப்பில்தான். ஆகவே ஒன்றைப் படித்து மற்றொன்றாக எழுதித்தர இடையில் ஒரு மாற்றி போதும்.

படத்தில் அம்புகள் எங்கிருந்தும் எங்கும் தாவலாம். ரோபோவின் வேலைவரிசையோ பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டது. எவ்வளவு சிக்கலான அம்புப் பின்னலையும் வரிசை, தேர்வு, சுழற்சி என்ற மூன்றை மட்டும் கொண்டு திருப்பி எழுதிவிடலாம் என்று கொராடோ போம், ஜூசெப்பே யாக்கோப்பினி என்ற இரு இத்தாலியர்கள் 1966-இலேயே நிறுவினார்கள். திரையில் பொத்தான் அழுத்தும் ரோபோவை நினைத்து எழுதப்பட்டதல்ல அந்தத் தேற்றம். ஆனாலும் இன்று ஒரு கடையின் வேலைப்படம் ரோபோவிடம் போய்ச் சேர அது துணை நிற்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இப்படிப் போய்ச் சேருவது எலும்புக்கூடுதான். ‘அறிக்கையை இறக்கு’ என்ற கட்டம் அங்கே வெறுங்கட்டமாக வந்து நிற்கும். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான்? ரோபோ பெரும்பாலும் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு இணையப் பக்கமும் தன் பொத்தான்களையும் பெட்டிகளையும் கிளைவிட்ட மரம் போன்ற பட்டியலாக உள்ளே வைத்திருக்கிறது. அதில் பெயரையும் இடத்தையும் வைத்தே ரோபோ தேடுகிறது. பொத்தானின் நிறம் மாறினால் அதற்குக் கவலையில்லை; உள்பெயர் மாறினால் வேலை நின்றுவிடும்.

இதையும் நிரப்பிவிடலாம். கடினமானது சாய்சதுரம். மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில், விற்றவர்கள் பதிந்த பில்களைக் காட்டும் 2பி அறிக்கை உருவாகும். கடை வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, அந்த பில் அறிக்கையில் இருந்தாக வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படி. படத்தில் ‘பில் எண் பொருந்துகிறதா?’ என்று ஒரே கேள்வி. கடைப் பதிவில் ‘47’, அறிக்கையில் ‘0047/23-24’. ரோபோ இல்லை என்கிறது. கணக்குப்பிள்ளைக்கு இரண்டும் ஒரே பில். முன்னால் உள்ள சுழியங்களையும் ஆண்டையும் வெட்டிவிட்டு ஒப்பிடு என்று விதி எழுதினால் சரியாகிவிடுமா? ஆண்டை வெட்டினால் போன வருடத்து 47-ஆம் பில்லும் இந்த வருடத்துப் பில்லும் ஒன்றாகிவிடும். ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் இரண்டு கிளை நடத்துபவர் ஏ/47, பி/47 என்று இரண்டு பில் போட்டிருப்பார்; கிளை எழுத்தை வெட்டினால் அவையும் கலந்துவிடும்.

அதனால் எண்ணோடு தேதி, வரிக்குரிய தொகை, அனுப்பியவரின் ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். மற்றவை ஒத்து பில் எண் மட்டும் ஒவ்வாதவற்றை ரோபோ தானாக ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவை தனி வரிசையில் கணக்குப்பிள்ளையின் திரைக்கு வரட்டும். ஏற்றதற்கான காரணத்தை அவர் ஒரு வரியில் எழுத இடமும் இருக்கட்டும். பல வரிகளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், படத்தில் புதிதாக ஒரு சாய்சதுரம் வரையலாம். அதன் வாசகத்தை அவரே சொல்வார்.