காந்தத்தில் ஒட்டாத அஞ்சு ரூபாய்

கல்லாப்பெட்டிச் சில்லறையைத் தரையில் கொட்டி ஒரு காந்தத்தை மேலே காட்டினால், குவியல் இரண்டாகப் பிரியும். 1992-இல் தொடங்கி வந்த சிறிய ஒரு ரூபாய் தாவி ஒட்டிக்கொள்ளும். அதுவும் எவர்சில்வர்தான், ஆனால் காந்தம் இழுக்கும் ரகம். அதற்கு முந்தைய ஒரு ரூபாய் அசையாது. அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல்.

5 ரூபாயில் இன்னும் வேடிக்கை. தொண்ணூறுகளில் வந்த கனத்த வெள்ளை நாணயம் செம்பு நிக்கல் கலவை, எடை 9 கிராம். 2007-இல் வந்தது எஃகு, 6 கிராம். 2009-இல் தொடங்கி வந்த மஞ்சள் நாணயம் நிக்கல் கலந்த பித்தளை, அதுவும் 6 கிராம். மூன்றுக்கும் குறுக்களவு 23 மில்லிமீட்டர்தான். ஆகவே அளவை வைத்து மட்டும் பிரிக்கும் சல்லடையும் மெஷினும் மூன்றையும் ஒரே பையில்தான் தள்ளும். செம்பு நிக்கல் நாணயத்தை மட்டும் பிரிக்க எடை பார்க்க வேண்டும், இல்லையென்றால் கையால்தான் பொறுக்க வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பொறுக்குகிறார்கள்? செம்பு கிலோ 800 ரூபாய், நிக்கல் 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 5 ரூபாயில் 6.75 கிராம் செம்பு, 2.25 கிராம் நிக்கல். பெருக்கிக் கூட்டினால் எட்டரை ரூபாய்க்கு மேல் வருகிறது. முகமதிப்பு 5 ரூபாய். மூட்டைக் கணக்கில் சேர்த்தால் நல்ல லாபம் என்று மனம் கணக்குப் போடத்தானே செய்யும். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு நாணயத்தைச் சேர்க்கத் தொடங்கும்போதே சட்டம் குறுக்கே வந்துவிடுகிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

தெரியாததற்கு ஒரு காரணம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயத்தில் 95 சதவீதம் செம்பு. பிறகு வந்தவை செம்பு முலாம் பூசிய துத்தநாகம். செம்புச் சென்ட்டைத் தனியே பிரிக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மெஷின்கள் விற்கின்றன. டப்பா டப்பாவாகச் சேர்த்துவைக்கிறார்கள். ஒரு சென்ட், ஐந்து சென்ட் நாணயங்களை உருக்கவும் பெருமளவில் வெளிநாட்டுக்கு அனுப்பவும் 2006 டிசம்பரில் அங்கே தடை வந்தது. ஆனால் பிரிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் தடைசெய்யப்படவில்லை. அந்த வீடியோவைப் பார்த்து நம்மூரில் அதையே செய்தால் கதை வேறு.

இந்திய நாணயச் சட்டம், 2011. அதன் 12-ஆம் பிரிவு நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடுக்கிறது. உருக்கிய நாணயத்தைக் கட்டியாக வைத்திருப்பதும் குற்றம். அதோடு நிற்கவில்லை. உருக்கவோ, முகமதிப்பு அல்லாத வேறு விலைக்கு விற்கவோ, நியாயமான தேவைக்கு வெகுவாக மிஞ்சிய அளவில் நாணயம் வைத்திருப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. அதாவது அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் மாட்டிக்கொள்ளலாம். தண்டனை ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். சும்மா மிரட்டலுக்குப் போட்ட சட்டம் அல்ல இது. சில்லறை உருக்கலைத் தடுக்க 1971-லேயே தனிச் சட்டம் இருந்தது. 2007-இல் நம் எஃகு நாணயங்கள் கொல்கத்தா வழியாக வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு ஷேவிங் பிளேடுகளாகின்றன என்று செய்தி வந்தபோது, சில்லறைத் தட்டுப்பாட்டால் கொல்கத்தாக் கடைக்காரர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு டீக்கடைக்காரர் பயப்பட வேண்டாம். நியாயமான தேவை எது என்பதற்கு அளவுகோலையும் சட்டமே சொல்கிறது: அன்றாடம் எவ்வளவு சில்லறை வேண்டும், என்ன தொழில், நாணயம் எப்படிக் கைக்கு வந்தது, எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது. கோயில் உண்டியலிலும் மளிகைக்கடைக் கல்லாவிலும் மூட்டைச் சில்லறை இருப்பது இயல்பு. பழைய 5 ரூபாய் மட்டும் பொறுக்கிய சாக்கு ஒன்று பாத்திரப் பட்டறையின் பின்கட்டில் இருந்தால் அது இயல்பல்ல. நூறு ரூபாய்ச் சில்லறைக்குக் கமிஷன் வாங்குகிறவர்களும் அந்த ‘முகமதிப்பு அல்லாத வேறு விலை’ என்ற வரியை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. ஆல்பத்தில் ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்துவைக்கும் பொழுதுபோக்குக்காரர் இந்த வலைக்குள் வர மாட்டார் என்பது என் வாசிப்பு. வெகுவாக மிஞ்சிய அளவு, அதன் பின்னால் உள்ள நோக்கம் இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம்.

உருக்குகிறவர் சிலர்தான். ஏமாறுகிறவர்களோ ஏராளம். 2003-இல் வந்த காமராஜர் 5 ரூபாய், 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், 2012-இல் வந்த வைஷ்ணவ தேவி நாணயம், இப்படி ஏதோ ஒன்றைக் காட்டி ‘உங்களிடம் இது இருக்கிறதா? லட்சாதிபதி ஆகலாம்’ என்று விளம்பரம் வரும். நம்பரைத் தொட்டால் வாட்ஸ்அப். போட்டோ அனுப்பிய அரை மணியில் அழைப்பு: “சார், உங்க காயினுக்கு மூணு லட்சம் அப்ரூவ் ஆயிடுச்சு. ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் மட்டும் போட்டுவிடுங்க.” அது போனதும் ஜிஎஸ்டி, அடுத்து கூரியர் இன்ஷூரன்ஸ், அடுத்து ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வரும். விட்ட பணத்தை எடுக்கத்தான் அடுத்த தொகையைப் போடுகிறார்கள் மக்கள். பழைய நாணயம் வாங்குவதிலோ விற்பதிலோ தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரையும் தன் பெயரில் கட்டணம் வசூலிக்கச் சொல்லவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது.

நிஜமான நாணய வியாபாரி நடந்துகொள்வது வேறு விதம். நாணயத்தை நேரில் கேட்பார், லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்மானம் பார்ப்பார். பிறகு நீங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக ஒரு விலை சொல்வார். முக்கியமாக, பணம் அவர் கையிலிருந்து உங்களுக்கு வரும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடலாம். பணம் உங்களுக்கு வர யுபிஐ பின் எண் போடத் தேவையே இல்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், அழைத்த எண்கள் எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் ஒன்று: மூன்று நாளுக்குள் சொன்னால் முழுத் தொகையும் திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இதற்குப் பொருந்தாது. உங்களுக்குத் தெரியாமல் கணக்கில் நடந்த மோசடிகளுக்கான விதி அது. இங்கே அனுப்பியது நீங்களே. வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் விடுகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது.

இருக்கிற சில்லறையை என்ன செய்வது? வங்கிக் கிளைக்குக் கொண்டுபோங்கள். நாணயத்தை வாங்க மாட்டோம் என்று எந்தக் கிளையும் சொல்லக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. செலுத்தும் தொகைக்கும் உச்சவரம்பு இல்லை. நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தால் காசாளரும் முகம் சுளிக்க மாட்டார். மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். வழி கேட்க 14448. கடையில் கொடுப்பதற்கு மட்டும் வரம்பு உண்டு: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரை, 50 காசு 10 ரூபாய் வரை. ஆம், 50 காசு இன்னும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழானவையும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 10 ரூபாய் நாணயம் எந்த வடிவமைப்பில் இருந்தாலும் செல்லும்.

தாத்தா பெட்டியில் விக்டோரியா வெள்ளி ரூபாய் கிடைத்தால் அது வேறு வகை. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியில் பானையோடு கிடைத்தாலோ, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மறைத்தால் தண்டனை மட்டுமல்ல, கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கும் போய்விடும்.