வீட்டில் அமைக்கும் விளையாட்டுப் பேழை

‘ஆர்கேட்’ என்னும் சொல் ஆதியில் வளைவுகள் தாங்கிய நடைபாதை ஒன்றையே குறித்தது. நாளடைவில், காசு இட்டவுடன் இயங்கும் பொறிகள் நிறைந்த விளையாட்டு மண்டபத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1978ஆம் ஆண்டில் யப்பானியத் தைட்டோ நிறுவனத்தின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் மின்திரை விளையாட்டும், 1980இல் நாம்கோ நிறுவனத்தின் ‘பக்-மான்’ விளையாட்டும் வெளிவந்தபோது, இம்மண்டபங்கள் இளைஞரால் நிரம்பி வழிந்தன. இன்று அமெரிக்காவில் அம்மண்டபங்களுட் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. ஆயினும், ஆளுயரப் பேழையும் ஒளிரும் திரையும் கொண்ட அப்பொறியைத் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொள்ள விழைவோர் பல நாடுகளிலும் உளர். அதற்கு வேண்டிய உறுப்புகள் யாவை? அவற்றைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? திரைக்கு வழி யாது?

இம்முயற்சி புதுமையானதன்று. 1972ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் அட்டாரி நிறுவனத்துக்காக அல் அல்கோர்ன் என்னும் பொறியியலாளர் ‘பொங்’ விளையாட்டை உருவாக்கினார். அதன் முதற் பொறிக்கெனத் தனித்திரை எதுவும் செய்யப்படவில்லை. கடையில் வாங்கிய சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றே மரப்பேழைக்குள் வைக்கப்பட்டது. சன்னிவேல் நகரிலுள்ள மதுச்சாலையொன்றில் நிறுவப்பட்ட அப்பொறி சில நாட்களில் இயங்காது நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது, காசுகள் நிரம்பி வழிந்தமையே பழுதுக்குக் காரணம் எனத் தெரியவந்தது. பெருந்தொழிலொன்றின் தொடக்கமே, கைக்குக் கிடைத்த உறுப்புகளால் ஆன ஒரு பேழைதான்.

பேழையின் உறுப்புகளை ஐந்தாக வகுக்கலாம். பலகைக்கூடு, திரை, கையால் இயக்கும் உறுப்புகள், விளையாட்டை நடத்தும் சுற்று, மின்வழங்கி என்பன அவை. முதலிற் பலகையை அறுத்துவிட்டுப் பின்னர் திரை தேடுவோர் இடர்ப்படுவர். ஏனெனில், கூட்டின் அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பது திரையே. ஆதலால் திரை கைக்கு வந்தபின்னரே, முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகையில் அளவு குறித்தல் நன்று.

கையால் இயக்கும் உறுப்புகளுள் முதன்மையானது ‘ஜோய்ஸ்டிக்’ எனப்படும் இயக்குகோல். கோலைச் சாய்க்கும்போது அதன் அடியிலுள்ள நுண்ணாளிகளுள் ஒன்று அழுத்தப்பட்டு மின்சுற்று மூடப்படுகின்றது. நான்கு திசைக் கோல், எட்டுத் திசைக் கோல் என இதில் இரு வகை உண்டு. ‘பக்-மான்’ விளையாட்டின் ஒழுங்கைகளில் நான்கு திசைகளே உள. அதற்கு எட்டுத் திசைக் கோலைப் பொருத்தினால், மூலைவாட்டாகச் சாய்ந்த கோல் எத்திசையைக் குறிக்கிறது என்று பொறி அறியாது தடுமாறும். யப்பானியச் சன்வா, செய்மிட்சு நிறுவனங்களின் பொத்தான்களுக்குப் பெரும்பாலும் 30 மில்லிமீற்றர் துளை வேண்டும்; அமெரிக்க முறைப் பொத்தான்களுக்கு 28 மில்லிமீற்றர் அளவான துளை போதும். எனவே பொத்தானைப் பெறுமுன் பலகையைத் துளையிடலாகாது.

விளையாட்டை நடத்தும் சுற்றுக்கு இரு வழிகள் உள. பழைய விளையாட்டின் மூலச் சுற்றுப்பலகையையே தேடிப் பெறுதல் ஒன்று. 1985ஆம் ஆண்டளவில் யப்பானியச் சங்கமொன்று வகுத்த ‘ஜாமா’ என்னும் பொது ஒழுங்கின்படி, 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பியாற் பலகையை மாற்றி மாற்றிப் பொருத்த இயலும். மற்றையது, கணினி ஒன்றைப் பேழைக்குள் வைத்து, 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடக்கிய ‘மேம்’ என்னும் செயல்நிரலை இயக்குவதாகும். இந்நிரல் பழைய சுற்றுகளின் நடத்தையை அப்படியே பின்பற்றுகின்றது. 2012இல் வெளிவந்த ‘ராஸ்பெரி பை’ போன்ற உள்ளங்கையளவான கணினியும் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்குப் போதும். நிரல் எவர்க்கும் பொதுவாயினும், விளையாட்டுகளின் உரிமை அவற்றை ஆக்கியோருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

இனித் திரை. பழைய பேழைகளில் இருந்தது கதோட்டுக் கதிர்க்குழாய். குழாயின் பின்முனையிலிருந்து வரும் இலத்திரன் கற்றை, கண்ணாடியின் உட்புறத்திற் பூசிய ஒளிர்பொருளின் மீது வரிவரியாக ஓடிப் படம் வரைகின்றது. பெரும்பாலான பழைய விளையாட்டுகளில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 15,700 வரிகளை வரைந்தது. பின்னாளில் வந்த கணினித் திரைகளோ 31,500 வரிகளும் அதற்கு மேலும் எதிர்பார்ப்பவை. ஆகவே மூலச் சுற்றுப்பலகையைக் கணினித் திரையுடன் நேரே இணைத்தாற் படம் தோன்றாது. வேகத்தை இரட்டிக்கும் இடைச்சுற்று ஒன்று வேண்டும்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டி இங்கே கைகொடுக்கின்றது. 625 வரி முறையிலான தொலைக்காட்சி, செக்கனுக்கு 15,625 வரிகளை வரைவது. இது விளையாட்டுச் சுற்றின் வேகத்துக்கு மிக அண்மையது. சுற்றுப்பலகை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களையும் தனித்தனியே தருவதால், அவற்றைத் தனித்தனியே ஏற்கும் ‘ஸ்கார்ட்’ இணைப்பி உள்ள ஐரோப்பியப் பெட்டிகளை நாடுவோர் பலர். அப்போதும் சைகையின் வலுவைத் தொலைக்காட்சி தாங்கும் அளவுக்குக் குறைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நிறக் கதிர்க்குழாயின் உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அது எஞ்சி நிற்கக்கூடும். குழாயோ காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் கலம். உடைந்தால் துண்டுகள் சிதறும். மேலும், பழைய பேழைத் திரைகள் பல, மின்தொடரிலிருந்து பிரித்துவைக்கும் தனி நிலைமாற்றியின்றி இணைக்கத் தகாதவை. 120 வோல்ட்டுக்கென அமைந்த அமெரிக்கத் திரையை, இலங்கை போன்ற 230 வோல்ட் வழங்கும் நாட்டில் நேரே இணைப்பதும் அழிவையே தரும். பின்மூடியைக் கழற்றும் வேலை பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளருக்கே உரியது. ஆர்வம் மிகுந்த மாணாக்கருக்கு உரியதன்று.

அபாயம் வேண்டாதோர் தட்டைத் திரையை நாடுவர். அதிலும் வடிவத்தைக் கவனித்தல் வேண்டும். பழைய திரைகள் நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் அமைந்தவை. 1600க்கு 1200 புள்ளிகள் கொண்ட 20 அங்குலத் திரை இவ்விகிதத்துக்குப் பொருந்தும். 1280க்கு 1024 புள்ளிகள் கொண்ட 17 அங்குலத் திரை ஐந்துக்கு நான்கு ஆதலாற் சற்றே பிசகும். ‘பக்-மான்’ போன்றவை நிமிர்த்தி வைத்த திரைக்கென ஆக்கப்பட்டவை. மலிவான தட்டைத் திரைகள் சிலவற்றை அவ்வாறு நிமிர்த்தினால், பக்கவாட்டிலிருந்து பார்ப்போருக்கு நிறம் திரிந்து தோன்றும்.

கதிர்க்குழாய்களைப் பெருமளவில் ஆக்கிவந்த தொழிற்சாலைகள் அவ்வாக்கத்தைக் கைவிட்டுவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை பழையனவே; ஒன்று உடைந்தால் ஒன்று குறையும். இதனாலேயே பழம்பேழையை வாங்கி அதன் உள்ளுறுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கணினியைப் புகுத்தும் வழக்கம் வருந்தத்தக்கது. பழுதுபார்க்கக்கூடிய மூலப்பொறி, ஏட்டுச்சுவடி போன்றது. அதைத் திருத்திப் பேணுதலே தகும். புதுப்பேழை செய்ய விரும்புவோருக்குப் புதுப்பலகையும், எறியப்படவிருந்த தொலைக்காட்சியும், புதிதாய்க் கிடைக்கும் பொத்தான்களும் போதும்.

கடையில் முழுப்பொறியாக வாங்குவோன் விளையாட்டை மட்டுமே பெறுகின்றான். உறுப்புகளை ஒவ்வொன்றாய்த் தேடி, அளந்து, பொருத்துபவனோ, கோலொன்று சாய்ந்தவுடன் திரையில் உருவம் ஏன் அசைகின்றது என்பதையும் அறிந்துகொள்கின்றான்.