கம்பளக் கோடும் காணாத ஈரமும்

மழைக்காலம் முடிந்ததும் காரின் உட்புறத்தைத் தூய்மை செய்யக் கொடுத்திருந்தேன். மாலையில் கதவைத் திறந்தபோது தரைவிரிப்பு முழுவதும் ஒரே அளவான முக்கோணங்கள். ஒன்று வெளிர், அடுத்தது அடர் நிறம். கால் வைக்கவே மனம் வரவில்லை. கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் காருக்குள் பூஞ்சை நாற்றம். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடியில் உள்ள பஞ்சுத் தகடு நீரில் ஊறிக் கிடந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். சந்தையில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான். பிழை கோடுகளில் இருந்ததா, நான் அவற்றைப் படித்த விதத்தில் இருந்ததா என்று யோசித்தபோது, பின்னதே சரி என்று தோன்றியது.

முதலில், அந்தக் கோடுகள் எப்படி வருகின்றன? அவற்றில் சாயமோ பொடியோ கிடையாது. தரைவிரிப்பின் குறுகிய இழைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே அதன் சூட்சுமம். நம்மை விட்டு விலகிச் சாய்ந்த இழைகளின் பக்கவாட்டில் ஒளி பட்டுத் திரும்புகிறது. அந்த இடம் வெளிறித் தெரிகிறது. நம்மை நோக்கிச் சாய்ந்த இழைகளின் நுனிகளும், இடையிலுள்ள நிழலும் கண்ணில் படுகின்றன. அந்த இடம் அடர்ந்து தெரிகிறது. மறுபுறம் சென்று பார்த்தால் இரண்டும் இடம் மாறும். கிரிக்கெட் மைதானப் புல்லில் காணும் பட்டைகளும், வெல்வெட் துணியில் விரலால் இழுக்கும் கோடும் இதே வகைதான்.

ஆகவே, இழைகள் எழுந்து நிற்கும் விரிப்புகளில்தான் கோடு நன்றாக விழும். நம் நாட்டின் விலை குறைந்த கார்கள் பலவற்றில் இருப்பது, இழைகளை ஊசியால் குத்தி இறுக்கிச் செய்த தட்டையான விரிப்பு. அதில் எவ்வளவு முயன்றாலும் மங்கலான தடமே மிஞ்சும்.

‘டீடெய்லிங்’ எனப்படும் நுண்தூய்மைப் பணியில் கோடு இடுவது கடைசி வேலை. மிதியடிகளை எடுத்துவிட்டு, விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து இழைகளுக்கு இடையே சிக்கிய மணலைக் கிளப்ப வேண்டும். வாக்குவம் கிளீனரால் அதை உறிஞ்ச வேண்டும். கறை இருந்தால் ஷாம்பு இட்டு, அந்த நீரையும் இயந்திரத்தால் இழுத்து எடுக்க வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். அதன் பின், வாக்குவம் குழாயின் நுனியாலோ பிரஷ்ஷாலோ உட்பகுதியில் தொடங்கிக் கதவை நோக்கி ஒரே சீராக இழுத்தால் பட்டைகள் விழும். கோணம் மாற்றி இழுத்தால் முக்கோணங்கள். குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் சதுரங்கக் கட்டங்கள். தேர்ந்த கைக்கு இதற்குச் சில நிமிடங்கள் போதும். மணிக்கணக்கான உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சில நிமிட வேலை கண்ணைப் பறிக்கிறது.

பொருள்களைப் பொருளியல் மூவகையாகப் பிரிக்கிறது. வாங்கும் முன்பே தரத்தைப் பார்த்து அறியக்கூடியவை, பயன்படுத்திய பின் அறியக்கூடியவை என்னும் முதலிரண்டு வகைகளை 1970-இல் பிலிப் நெல்சன் விளக்கினார். பயன்படுத்திய பிறகும் எளிதில் அறிய முடியாதவை என்னும் மூன்றாம் வகையை 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் சேர்த்தனர். பழுதுபார்ப்பு, மருத்துவம் போன்ற பணிகள் இதில் அடங்கும். காரின் உட்புறத் தூய்மையும் பெரும்பாலும் இந்த வகையே. இழைக்கடியில் மணல் எடுக்கப்பட்டதா, தகடு உலர்ந்ததா என்பதை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. பார்க்க முடியாத இடத்தில், பார்க்கக்கூடிய ஓர் அடையாளத்தை மனம் தேடுகிறது. அந்தத் தேவையைக் கோடு நிறைவு செய்கிறது.

அடையாளம் எப்போது நம்பத்தக்கது? அதே 1973-ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ் தந்த விடை எளிது: தரமுள்ளவருக்கு மலிவாகவும், தரமற்றவருக்குச் செலவு மிக்கதாகவும் இருக்கும் அடையாளமே உண்மையைச் சொல்லும். இந்த உரைகல்லில் கம்பளக் கோடு பாதிதான் தேறுகிறது. பிசுக்கேறி இழைகள் ஒட்டிக் கிடக்கும் விரிப்பில் கோடு சீராக விழாது. எனவே, மேற்பரப்பு தூய்மையானது என்பதற்கும், வேலை முடிந்தபின் யாரும் அதில் கால் வைக்கவில்லை என்பதற்கும் கோடு நல்ல சான்று. ஆனால், அடியில் மணலும் ஈரமும் இருந்தாலும் மேலே அழகாகக் கோடு இழுத்துவிடலாம். அதற்குக் கூடுதலாக ஒரு காசும் ஆகாது. அந்த ஆழத்தைப் பற்றிக் கோடு எதுவும் சொல்வதில்லை. சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொண்டது என் பிழை.

இதோடு நம் வாசல் கோலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெருக்கி, நீர் தெளித்த பிறகே கோலம். குப்பையின்மேல் இட்டால் தெருவே பார்த்துவிடும். கோலமும் தூய்மையின் அடையாளந்தான். ஆனால், அதை இடுபவரே அந்த வாசலில் வாழ்கிறார். நாள்தோறும் எல்லார் கண்முன்னும் இடுகிறார். கார்க் கோட்டை இடுபவர் வேறு, அதில் அமர்ந்து போகிறவர் வேறு. இட்ட இடமும் மூடிய கூடம்.

என் வீட்டுக் காரில் இது சில ஆயிரம் ரூபாய் நட்டத்தோடு போயிற்று. பழைய கார் வாங்குவோருக்கு இழப்பு பெரிது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்கெடுகிறது என்பதை 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கத் தேர்ந்த எடுத்துக்காட்டே பழைய கார்தான். இவருக்கும் ஸ்பென்ஸுக்கும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுக்கும் 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையிலும் சென்னையில் கார்கள் நீரில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். காருக்குள் புகுந்த நீர் விரிப்போடு நிற்பதில்லை. அதன் அடியில் ஓடும் மின்கம்பிகளையும் இணைப்புகளையும் அரிக்கத் தொடங்குகிறது. பழுது பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். மேல் விரிப்பைக் கழுவிக் கோடு இடுவதற்கோ ஒரு நாள் போதும்.

ஆகவே, பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் கோட்டை ரசித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடித்தகட்டை அழுத்திப் பாருங்கள். இருக்கையின் தண்டவாளங்களிலும் திருகாணிகளிலும் துரு உண்டா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை தென்படக்கூடும். உபரிச் சக்கரம் இருக்கும் குழியையும் பாருங்கள். கண்ணாடிகளை மூடி வைத்துச் சற்று நேரம் கழித்துத் திறந்தால், மூக்கே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

தனிமனித விழிப்பு மட்டும் போதாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், வெள்ளத்தில் மூழ்கிக் கழிக்கப்பட்ட காரின் உரிமை ஆவணத்திலேயே அதைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. வெள்ளத்துக்காக முழு இழப்பீடு வழங்கப்பட்ட கார் மீண்டும் விற்பனைக்கு வந்தால், அந்தச் செய்தி நம் பதிவுச் சான்றிதழிலும் இடம்பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களிடம் உள்ள தகவல்தான் அது. வாங்குபவரின் கைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவே.

நம் பங்கும் இதில் உண்டு. நாம் கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் பணம் கொடுத்தால், கடைக்காரரும் தம் பணியாளின் நேரத்தைக் கண்ணுக்குத் தெரியும் வேலைக்கே ஒதுக்குவார். குனிந்து, மண்டியிட்டு, நாள் முழுவதும் பிறர் காரின் தூசியைச் சுவாசிக்கும் அந்த இளைஞருக்கு, தகட்டை உலர்த்தும்வரை காத்திருக்க ஆசை இருக்கலாம். அடுத்த கார் வாசலில் நிற்கும்போது காத்திருக்க முடியாது.

நான் மீண்டும் அதே கடைக்குத்தான் போனேன். சண்டையிடவில்லை, அடித்தகட்டை உலர்த்தித் தர எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் ஆகும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் என்றார்கள். கொடுத்தேன். மூன்றாம் நாள் விரிப்பைத் தூக்கி, உலர்ந்த தகட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் அந்த இளைஞர். பிறகு பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு, “கோடு போடட்டுமா சார்?” என்றார். போடச் சொன்னேன்.