தோட்டத்து ஆஸ்பத்திரி வரலாற்றை எழுத மானியம் கிடைக்குமா?

சில மாதங்களுக்கு முன் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கைப்பேசியில் நான்கு படங்கள் அனுப்பினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக வேலை பார்த்த தன் தாத்தா வைத்திருந்த நோயாளிப் பதிவேட்டின் பக்கங்கள் அவை. பெயர், வயது, லயத்து எண், நோய், கொடுத்த மருந்து எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. “இதை வைத்து ஆராய்ச்சி செய்ய யாராவது பணம் தருவார்களா சார்?” என்று கேட்டிருந்தார்.

தருவார்கள். ஆனால் ஏட்டைக் காட்டினால் மட்டும் போதாது. அதை வைத்து எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறாய் என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாணவர்களின் மானிய விண்ணப்பங்களை வாசிக்கும் வேலை எனக்குச் சில ஆண்டுகள் இருந்தது. “மலாயாத் தோட்டங்களில் தமிழர்களின் மருத்துவ வரலாறு” என்பது போன்ற தலைப்புகள் அடிக்கடி வரும். அதை முடிக்க ஒரு ஆயுள் போதாது. “1930 முதல் 1957 வரை, தோட்டத்து டிரசர் எந்த நோயாளியைத் தானே பார்த்தார், யாரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்?” என்று கேட்டால், இரண்டு ஆண்டுகளில் விடை காணலாம். காசு கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

நம் மண்ணில் நடந்தவை உலக மருத்துவ வரலாற்றில் சாதாரண இடத்தில் இல்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கியது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடியவிட்டுக் காடு வெட்டி மலேரியாவை அடக்கினார். பிறகு மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளர்வது. மரத்தை வெட்டியதும் அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது.

பெரிபெரி கதை அதைவிட நமக்கு நெருக்கம். வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் அந்த நோயில் மடிந்துகொண்டிருக்க, புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழர்களுக்கு அது அபூர்வமாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். டாக்டர் பிளெட்சர் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பாதிக்குப் புழுங்கலரிசியும் மறுபாதிக்கு வெள்ளை அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. அடுத்து பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார்கள். பிற்காலத்தில் வைட்டமின் என்று பெயர் பெற்ற ஒன்றை நோக்கிய பாதையில் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் இடமுண்டு. ஆனாலும் இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்கார டாக்டர்கள். டிரசரும் ஆயாவும் நோயாளியும் என்ன சொன்னார்கள் என்பது இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. விண்ணப்பத்தில் ‘இந்த ஆய்வு ஏன் தேவை’ என்ற பகுதியில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

எங்கே கேட்பது? வேலையின் தன்மையைப் பொறுத்தது. பல்கலைக்கழக விரிவுரையாளர் என்றால் உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் இருக்கிறது. தனியாள் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது; விரிவுரையாளர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளை 1936-இல் தொடங்கியது. மருத்துவ வரலாற்றுக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது. அதற்கும் ஒரு கல்வி நிலையத்தின் ஆதரவு வேண்டும்.

ஆவணங்களைத் தேடிப் பயணம் போக மட்டும் தரும் உதவித்தொகைகளும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராக்பெல்லர் ஆவணக் காப்பகம் தன்னிடம் வந்து படிப்பவர்களுக்கு அப்படி உதவுகிறது. அங்கே நமக்கு என்ன என்று கேட்கலாம். ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஒரு குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. அவர்கள் சோதித்துப் பார்த்தவர்களில் நம் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

அழியப் போகும் ஏடுகளைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தைப் பார்க்கலாம். 2004 முதல் நடக்கிறது. மின்படி எடுக்கப் பணம் தருவார்கள். மூல ஏடு நாட்டை விட்டு வெளியே போகாது. ஆனால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியவற்றையே ஏற்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய மரபுடைமைக் கழகத்தின் மானியங்களை முதலில் பார்ப்பது நல்லது. விதிகளும் கடைசி நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அகப்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் ஆதாரம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாக எழுத வேண்டும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உள்ளன. லண்டன் கியூ காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் கடிதங்கள் சி.ஓ. 273 என்ற வரிசையில் இருக்கின்றன. ‘லண்டனில் தேடுவேன்’ என்று எழுதுபவரையும் ‘சி.ஓ. 273-இல் இந்த ஆண்டுகளைப் பார்ப்பேன்’ என்று எழுதுபவரையும் மதிப்பீட்டாளர் ஒரே தட்டில் வைக்கமாட்டார். முடிந்தால் உள்ளூர்க் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து சில கோப்புகளைப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

செலவுக் கணக்கில் நம்மவர்கள் மடிக்கணினியை முதலில் போடுவார்கள்; பேச்சை எழுத்தாக்கும் கூலியை மறந்துவிடுவார்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். பழைய தோட்டத்துத் தமிழும் மலாயும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டு ஆசிரியரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம்.

ஒழுக்க நெறி அனுமதியையும் சாக்காகத் தள்ளிப்போட முடியாது. பிளெட்சர் செய்த சோதனையை இன்று எந்தக் குழுவும் அனுமதிக்காது. பழைய ஏட்டைப் படிப்பதுதானே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைக்கலாம். அந்த மாணவி அனுப்பிய இரண்டாம் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே கருச்சிதைவு என்று இருந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று பக்கத்து ஊரில் இருக்கலாம். தோட்டம் மூடப்பட்டாலும் சனங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். பெயரை மறைத்து எண் கொடுப்பது, பேட்டி தருபவரிடம் புரியும் மொழியில் சம்மதம் வாங்குவது, ஒலிப்பதிவை எங்கே வைப்பது என்பதை எல்லாம் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையையோ ஊழியரையோ உட்படுத்தும் ஆய்வு என்றால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிய வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும்.

முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டால் கருத்துரை கேட்டு வாங்கி, திருத்தி, வேறிடத்துக்கு அனுப்புங்கள். தள்ளப்படுவது பேராசிரியர்களுக்கும் நடப்பதுதான்.

அந்த மாணவி இப்போது கேள்வியைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். அதுவரை ஏட்டை என்ன செய்வது என்று கேட்டார். பிளாஸ்டிக் பையில் கட்டாதே, ஈரம் உள்ளேயே நிற்கும் என்றேன். ஒட்டும் நாடாவும் வேண்டாம். சமையலறைக்குத் தள்ளி, காய்ந்த அலமாரியில் படுக்கை வாட்டில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வைக்கச் சொன்னேன். தாத்தாவுக்கு உதவியாக இருந்த ஆயா ஒருவர் பந்திங்கில் இருக்கிறாராம். 91 வயது. அவரைப் பார்க்க மானியம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், உரிய அனுமதி வாங்கியதும் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே போய் வா என்று சொல்லியிருக்கிறேன்.