எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?
முதியோருக்கான குறுகிய கால மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாள் நெருங்கும்போதும், பக்கவாதத்தின் முதல் கட்டம் கடந்து உயிருக்கு ஆபத்து நீங்கியது என்று நாங்கள் சொல்லும்போதும், நோயாளியின் குடும்பத்தார் ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. "டாக்டர், இந்த நிலையில் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? சில வாரம் எங்காவது சேர்க்கலாமா?" கேட்பவரின் குரல் பெரும்பாலும் தாழ்ந்தே ஒலிக்கும். பெற்றவளை 'ஹோமில்' விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற அச்சம் அந்தத் தாழ்ந்த குரலில் இருக்கிறது.

அந்த அச்சம் நீங்க வேண்டுமானால் இரண்டு இடங்களை முதலில் பிரித்தறிய வேண்டும். முதியோர் இல்லம் என்பது தங்கி வாழ்வதற்கான இடம். குறுகிய கால மறுவாழ்வு மையம் என்பது திரும்பி வருவதற்கான இடம். இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்கக்கூடும். எனவே, ஒரு மையத்தைப் பார்க்கச் செல்லும் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போது சேர்த்துக்கொள்வீர்கள்?" என்பதன்று, "எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்பதே. நல்ல மையம், வந்தவரை அனுப்பிவைப்பதற்காகவே உழைக்கும்.

இந்தச் சில வாரங்கள் ஏன் முக்கியமானவை?

முதுமையில் படுக்கை ஓய்வு என்பது மருந்தன்று. 2007ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அந்தப் 10 நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை அவர்கள் இழந்தனர். நோயில்லாதவருக்கே இந்த நிலை என்றால், எலும்பு முறிந்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தசை மெலிவதோடு படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, கால் நரம்பில் இரத்தம் உறைதல், மனக்குழப்பம் ஆகியவையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

படுத்த படுக்கையே விதி என்று கருதப்பட்டவர்கள் எழுந்து நடந்த வரலாறும் உண்டு. 1935இல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர், தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த 714 நெடுநாள் நோயாளிகளின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பயிற்றுவித்தார். அவர்களில் பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அது தொடக்கமாயிற்று. நம் மாநிலத்தில் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: முதியவரிடம் என்ன திறன் எஞ்சியிருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து மேலே கட்டுவது.

மையம் உண்மையில் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஒருவர் துணையுடன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடிந்தால், பகலிலும் இரவிலும் வீட்டில் ஓர் ஆள் இருந்தால், இயன்முறை மருத்துவர் வந்து போக வழியிருந்தால், வீடே நல்ல இடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டறியலாம்.

ஆனால் நம் டெல்டா மாவட்டங்களின் வாழ்க்கை வேறொரு கணக்கையும் வைத்திருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊரில் இருக்கும் ஒரே மகனும் மருமகளும் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் விடிந்தால் வயலில் இருப்பார்கள். வீட்டில் மிஞ்சுபவர் எழுபது வயது கடந்த வாழ்க்கைத்துணை மட்டுமே. தம் எடைக்கு நிகரான ஒருவரைத் தூக்க முயன்று, அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருவதைப் பார்க்கிறோம். இத்தகைய வீடுகளுக்குச் சில வார மறுவாழ்வு மையம் கடமையைக் கைவிடுவதாகாது. கடமையைச் செய்யும் ஒரு வழியே ஆகும்.

முடிவெடுக்கும் முன் முதியவரிடமே பேசுங்கள். எங்கே போகிறோம், எதற்காக, எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். "வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துச் சென்று விட்டுவருவது அவருடைய நம்பிக்கையை உடைக்கும். நம்பிக்கை இழந்தவர் பயிற்சிக்கும் ஒத்துழைக்கமாட்டார்.

நேரில் பார்க்கும்போது

பளிங்குத் தரையையும் வரவேற்பறையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் மூன்று வேளைகளில் சென்று பாருங்கள்.

முற்பகல் 11 மணிக்குச் சென்றால், எத்தனை பேர் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலோர் படுத்திருக்கும் இடம் மறுவாழ்வு மையமாக இருக்க முடியாது. பயிற்சி அறையில் இணைகம்பிகளும் படிக்கட்டு மாதிரியும் இருந்தால் போதாது. அவற்றில் யாரேனும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

மதிய உணவு வேளையில், உணவு எப்படி ஊட்டப்படுகிறது என்று பாருங்கள். பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு கவளமாகக் கொடுத்து, உண்டபின் அரைமணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும். சோறும் ரசமும் மட்டும் கொடுத்தால் தசை வளராது. பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவு தட்டில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு, எத்தனை செவிலியர், எத்தனை உதவியாளர் பணியில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதியவர்கள் விழுவது கழிப்பறைக்குத் தனியே எழுந்து போகும் இரவு வேளைகளில் மிகுதி. அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, தண்ணீர் எட்டுகிறதா, கழிப்பறைச் சுவரில் பிடிகம்பி இருக்கிறதா, வழியில் விளக்கு எரிகிறதா என்பன சிறிய செய்திகள் அல்ல.

மூக்கும் ஒரு கருவி. சிறுநீர் நெடி நீங்காமல் இருக்கும் கூடம், மாற்றப்படாத டயப்பர்களின் கதையைச் சொல்லும். எழுந்து போகக்கூடியவர்களுக்கும் வேலை எளிமைக்காகச் சிறுநீர்க்குழாய் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கைகளைக் கட்டிலோடு கட்டுவது, தூக்க மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்துவது ஆகியவை அங்கே வழக்கமா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து முடிவெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: காணொளி அழைப்பை மேலாளரின் அறையில் முடித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் இருக்கும் உறவினரைக் கைபேசியோடு பயிற்சி அறைக்கும் கழிப்பறைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒன்று: ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் இயன்முறைப் பயிற்சி? ஞாயிற்றுக்கிழமை உண்டா? பயிற்சி அளிப்பவர் பட்டம் பெற்றவரா?

இரண்டு: முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள்? 1965 முதல் வழக்கில் உள்ள பார்த்தெல் அளவுகோல், உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், நடத்தல், படியேறுதல் உள்ளிட்ட 10 அன்றாடச் செயல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. சேரும் நாளில் ஒரு மதிப்பெண், பிறகு வாரந்தோறும் ஒன்று என எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் எண் நகரவில்லை என்றால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று: மருத்துவர் எப்போது வருவார்? காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? வீட்டாருக்கு யார், எப்போது தெரிவிப்பார்?

நான்கு: தாமே புரள முடியாதவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறீர்கள்? பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். அதற்கான பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவு நேரக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஐந்து: மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. காற்று மெத்தையும் ஆக்சிஜன் கருவியும் மின்சாரத்தில் இயங்குபவை.

உரிமமும் செலவும்

விழுப்புரம் மாவட்டத்தில் உரிய உரிமமின்றி இயங்கிய ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவரை, உறவினர் தேடிச் சென்றபோது காணவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனையிட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோரை அங்கிருந்து மீட்டனர். உரிமம் என்பது வெறும் காகிதமன்று என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. மருத்துவச் சிகிச்சை அளிக்கும் மையங்கள் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதியோர் இல்லம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சான்றிதழைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தை விட்டு நீங்கிவிடுங்கள். முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வந்து பார்க்க இசைவு உண்டா என்பதையும் கேளுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். நாள் வாடகையில் இயன்முறைப் பயிற்சி, உதவியாளர், டயப்பர், மருந்து, மருத்துவர் வருகை ஆகியவை அடங்குமா, தனியா? முன்கூட்டியே அழைத்துச் சென்றால் முன்பணம் திரும்புமா? அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் பிந்தைய பராமரிப்புக்கு அரசுக் காப்பீடு வரம்புக்குட்பட்டு உதவுகிறது. 2008 முதல் அங்கே பராமரிப்பு இல்லங்களுக்கு அரசே நட்சத்திரத் தரவரிசையும் வெளியிடுகிறது. நம்மிடம் அத்தகைய பட்டியல் இல்லை. குடும்பத்தின் கண்களே தரவரிசை. உங்கள் காப்பீடு இத்தகைய தங்கலுக்குப் பொருந்துமா என்பதைச் சேரும் முன்னரே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டறியுங்கள்.

சேர்க்கையின் பரபரப்பில் சொத்துப் பத்திரங்களில் முதியவரின் கையெழுத்தை யாரும் வாங்கலாகாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. உதவி தேவைப்படும் மூத்த குடிமக்கள் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

எங்களிடமிருந்து பெற வேண்டியவை

எங்கள் மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: அறுவை செய்த காலில் எவ்வளவு பாரம் தாங்கலாம், இரத்தம் உறையாமைக்கான மருந்து எந்தத் தேதி வரை, எந்த மருந்துகள் புதிதாகத் தொடங்கின, எவை நிறுத்தப்பட்டன, அடுத்த பரிசோதனை எப்போது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் தயங்காமல் கேளுங்கள். பாரம் தாங்குவது பற்றிய குறிப்பு இல்லாவிட்டால், பயிற்சி அளிப்பவர் அச்சத்தால் நோயாளியைப் படுக்கவே வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடி, பல்செட், காதொலிக் கருவி ஆகியவற்றையும் மறவாமல் உடன் அனுப்புங்கள். கண்ணும் காதும் தெளிவாக இல்லாதவருக்கு மனக்குழப்பம் எளிதில் வரும்.

வீட்டை அளந்து கொடுங்கள்

மையத்தின் சமதளத் தரையில் நடப்பவர், வீட்டில் நடக்க முடியாமல் போவதுண்டு. நம் பகுதியின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படிகள், ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே உயர்ந்த நிலைப்படி, கழிப்பறையோ கொல்லைக் கோடியில். எனவே, படிகள் எத்தனை, ஒவ்வொன்றின் உயரம் என்ன, நிலைக்கதவின் அகலத்தில் வாக்கர் நுழையுமா, கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி என்று அளந்து, ஒரு தாளில் எழுதி, சேரும் நாளிலேயே இயன்முறை மருத்துவரிடம் கொடுங்கள். அந்த அளவுகளே பயிற்சியின் இலக்கு. தாளை வாங்கிப் படித்து, கேள்வி கேட்கும் மையம் நம்பத்தக்கது.

கடைசி வாரத்தில் வீட்டார் ஒருவர் தினமும் சென்று, எழுப்புவது, மாற்றுவது, நடத்துவது ஆகியவற்றைக் கைப்படக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகவே, தொலைவில் உள்ள பெரிய மையத்தைவிட, பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள நல்ல மையத்தை நாங்கள் பரிந்துரைக்கிறோம். சாயங்காலம் பேரக்குழந்தை வந்து கைப்பிடித்து நடக்கும் பத்தடி, காலையில் எண்ணி நடக்கும் பத்தடியைவிட எளிதாக இருக்கும்.

எல்லோரும் முன்போலவே நடந்து திரும்புவார்கள் என்று நாங்கள் உறுதி கூற இயலாது. சிலருக்கு, தாமே உட்கார்ந்து உண்பதே எட்டக்கூடிய இலக்காக இருக்கும்; அதுவும் வெற்றியே. உங்கள் உறவினருக்கு எட்டக்கூடிய இலக்கு எது என்பதை விடைபெறும் முன் எங்களிடம் கேளுங்கள். அந்த இலக்கையும் திரும்பும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பின் மையத்தின் வாசலுக்குச் செல்லுங்கள்.